அடித்தளத்தை மாற்றும் முறை



நம் பெருமாட்டிப் பகுதியிலும், மலைக்கப்பால் இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகள் இருக்கும் வீடுகள் பலவற்றில் இந்நாளில் ஒரு பழைய மடிக்கணினியாவது காணப்படுகிறது. அண்ணன் படித்துவிட்டு விட்டுச் சென்றதைத் தங்கை எடுத்துக்கொள்கிறாள். அவளுக்குப் பின் தம்பி. அத்தகைய கணிப்பொறிகளில் பெரும்பாலும் இருப்பது, பள்ளியில் பயிலும் அதே லினக்ஸ் இயங்குதளமாகும்.

கேரள அரசு 2001ஆம் ஆண்டில் 'ஐடி அட் ஸ்கூல்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதுவே 2017இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருக்கொண்டது. உபுண்டு என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு, பாடங்களுக்கு வேண்டிய மென்பொருள்களையெல்லாம் சேர்த்து, 'கைட் குனு லினக்ஸ்' என்ற பெயரில் அந்நிறுவனம் வழங்கி வருகிறது. விலை கிடையாது, படியெடுத்துப் பிறருக்குக் கொடுப்பதற்கும் தடை கிடையாது, தமிழில் தட்டெழுதவும் வழியுண்டு. ஏழை எளியவர் பிள்ளைகளுக்கு இது பெரும் வாய்ப்பு என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஒரு தொல்லை அடிக்கடி காதில் விழுகிறது. பழைய பதிப்பாகிய 18.04 இன்னும் சில வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. உபுண்டு 18.04க்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023ஆம் ஆண்டு மே மாதத்தோடு நின்றுவிட்டன. பிள்ளை ஒரு புதிய மென்பொருளை இறக்கி இயக்க முற்பட்டால், 'ஜிலிப்சி 2.34 காணப்படவில்லை' என்று ஒரு வரி தோன்றி, வேலை நின்றுவிடும். தெரிந்த பையன் ஒருவன் வந்து, "அதற்கென்ன, புதிய ஜிலிப்சியை இறக்கி இதன் மேல் வைத்துவிடலாம்" என்பான். வைத்த மறுகணமே எந்தக் கட்டளையும் வேலை செய்யாது. அணைத்துவிட்டுப் போட்டால் திரையும் எழாது. சித்தூருக்கோ பொள்ளாச்சிக்கோ கடைக்குத் தூக்கிச் சென்றால், "பார்மட் செய்து தருகிறோம்" என்ற ஒரே விடைதான் கிடைக்கும். பார்மட் செய்தால் கணிப்பொறி பிழைக்கும். ஆனால் உள்ளே இருந்த பாடக் குறிப்புகள், ரேஷன் அட்டையின் படி, நிலவரி ரசீது, சாதிச் சான்றிதழ், காலஞ்சென்ற பாட்டியின் புகைப்படம் ஆகிய யாவும் போய்விடும். ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு ஒவ்வொரு தாளும் எத்துணை அருமையானது என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே இம்மாதம் இதனையே பேசுவோம்.

ஜிலிப்சி என்பது யாது?

கணிப்பொறியில் கோப்பைத் திறப்பது, திரையில் எழுதுவது, நினைவகத்தில் இடம் கேட்பது, நேரம் பார்ப்பது போன்ற சிறு வேலைகள் எல்லா மென்பொருள்களுக்கும் பொதுவானவை. ஒவ்வொரு மென்பொருளும் அவற்றைத் தனித்தனியே எழுதிக்கொள்ளாமல், ஒரு பொது நூலகத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. குனு திட்டத்தார் ஆக்கிய அந்தப் பொது நூலகமே ஜிலிப்சி. உபுண்டுவில் அது 'லிப்சி 6' என்னும் பொதியாக வருகிறது. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்', படியெடுக்கும் 'சிபி', நுழைவுச்சொல் கேட்கும் நிரல், பொதிகளை நிறுவும் நிரல் ஆகிய எல்லாமே அதன்மேல்தான் நிற்கின்றன. அது கெட்டால், கெட்டதைச் சீர்செய்யும் கருவிகளும் உடன் கெடுகின்றன. இதுவே இதிலுள்ள தனி ஆபத்து.

நிலத்தடி நீர் கெட்டால் ஊர்க் கிணறுகள் அத்தனையும் கெடும் என்பதைப் பிளாச்சிமடையைக் கண்ட நம்மவர்க்கு வேறொருவர் விளக்க வேண்டியதில்லை. அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேலே உள்ள யாவும் அதனை நம்பியே இருக்கின்றன.

பதிப்பு எண்ணையும் அறிந்துகொள்வது நலம். உபுண்டு 18.04இல் உள்ளது ஜிலிப்சி 2.27, 22.04இல் 2.35; 24.04இல் 2.39. புதிய நூலகம் பழைய மென்பொருள்களைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். பழைய நூலகமோ புதிய மென்பொருளை ஏற்காது. 2.34ஆம் பதிப்பில் நிரல்கள் தொடங்கும் முறையிலேயே ஒரு மாற்றம் செய்யப்பட்டமையால், அதற்குப் பிற்பட்ட கணிப்பொறியில் உருவாக்கிய மென்பொருள்கள் 2.34க்குக் குறைந்ததில் ஓட மறுக்கின்றன. மேலே கூறிய அறிவிப்புத் தோன்றுவதன் காரணம் இதுவே.

பாதையை மாற்றிய கதை

பாலக்காடு–பொள்ளாச்சி இருப்புப்பாதையை நம்மவர் அனைவரும் அறிவர். முதலமடை, மீனாட்சிபுரம் வழியே செல்லும் அப்பாதை முன்னர் மீட்டர்கேஜாக இருந்தது. அஃதாவது தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர். அதனை 1676 மில்லிமீட்டர் அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2008ஆம் ஆண்டு இறுதியில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2015இல்தான் மீண்டும் வண்டி ஓடிற்று. பாதையின் அகலம் மாறினால் பழைய பெட்டி ஒன்றுகூட அதில் ஓடாது. ஆகையால் தண்டவாளம், பெட்டி, பாலம், மேடை எல்லாவற்றையும் ஒருசேர மாற்ற வேண்டியதாயிற்று.

லினக்ஸ் உலகிலும் இத்தகைய பாதை மாற்றம் ஒருமுறை நிகழ்ந்தது. 1998ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளிவந்த டெபியன் 2.0, பழைய லிப்சி 5ஐ விட்டு லிப்சி 6க்கு மாறிற்று. ஆனால் அவர்கள் பழையதைப் பிடுங்கி எறியவில்லை. ஒரே பாதையில் மூன்று தண்டவாளம் போட்டு இருவகை வண்டியும் ஓடச் செய்வதுபோல, பழைய நூலகத்தையும் புதியதையும் வேறுவேறு பெயரில் அருகருகே வைத்து, மென்பொருள்களை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். அடித்தளத்தை மாற்றுவோர் கைக்கொள்ள வேண்டிய நெறி இதில் அடங்கியிருக்கிறது: புதியது நிற்கும்வரை பழையதை எடுக்கலாகாது.

பொதி நிர்வாகி செய்வதும் கை செய்வதும்

உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் பொதிகளை நிறுவும் நிரலின் பெயர் 'டிபிகேஜி'. அதற்கு மேலிருந்து, எதனோடு எது பொருந்தும் என்று கணக்கிடுவது 'ஆப்ட்'. இவை ஒரு நூலகத்தை மாற்றும்போது பழைய கோப்பின்மேல் எழுதுவதில்லை. புதிய கோப்பை வேறு பெயரில் முழுமையாக எழுதி முடித்துவிட்டு, பின்னர் ஒரே நொடியில் பெயரை மாற்றுகின்றன. அவ்வேளையில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் தாம் பிடித்திருந்த பழைய கோப்பையே இறுதிவரை பிடித்துக்கொண்டிருக்கும். புதிதாகத் தொடங்குபவை புதியதை எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் புதுப்பாதை அமைத்து முடித்தபின் பாயிண்டைத் திருப்புவது போன்றது இது.

படியெடுக்கும் கட்டளையைக் கொண்டு நாமே பழைய கோப்பின்மேல் புதியதை எழுதினாலோ, வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் அதன் சக்கரத்தின் கீழே உள்ள தண்டவாளத்தை அறுப்பதற்கு ஒப்பாகும். ஓடுகின்ற நிரல்கள் அப்போதே விழும். ஆதலின் முதல் விதி: நூலகக் கோப்பைக் கையால் தொடுதல் வேண்டா. மாற்ற வேண்டுமானால் பொதி நிர்வாகியைக் கொண்டே மாற்றுக.

இரண்டாவது விதி: வேறொரு பதிப்புக்கென ஆக்கிய லிப்சியை வலிந்து நுழைத்தல் கூடாது. லிப்சி 6க்கு உடன்பிறப்புப் பொதிகள் உண்டு. அவையெல்லாம் ஒரே பதிப்பில் இருத்தல் வேண்டும். ஒன்றை மட்டும் உயர்த்தி மற்றதை விட்டால் வீடு இரண்டுபடும்.

மாற்றத்தான் வேண்டுமா?

ஒரே ஒரு மென்பொருளுக்காக அடித்தளத்தை மாற்றுவது, ஒரு ஜன்னலுக்காக அஸ்திவாரத்தைத் தோண்டுவதாகும். அம்மென்பொருள் 'பிளாட்பேக்' அல்லது 'ஸ்னாப்' வடிவில் கிடைக்கிறதா என்று முதலில் பார்க்கவும். இவ்விரு முறைகளிலும் மென்பொருள் தனக்கு வேண்டிய நூலகத்தைத் தனியே கொண்டு வருகிறது. நம் கணிப்பொறியின் ஜிலிப்சியைத் தொடுவதில்லை. அதுவும் கிடைக்காவிடில், இயங்குதளம் முழுவதையும் புதிய பதிப்புக்கு மாற்றுவதே முறை. கைட் 22.04 இருக்கிறது. பிள்ளை படிக்கும் பள்ளியில் எஸ்.ஐ.டி.சி. என்று அழைக்கப்படும் பொறுப்பாசிரியரைக் கேட்டால் வழி சொல்வார். வீட்டுக் கோப்புகளைப் படியெடுத்து வைத்துக்கொண்டு புதிதாக நிறுவுதல், பழையதைப் படிப்படியாக உயர்த்துவதைக் காட்டிலும் எளிது.

ஆனால், "அப்படியானால் ஒன்றையும் தொடாமல் இருந்துவிடுகிறேன்" என்று சொல்வதும் சரியன்று. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் ஜிலிப்சியில் ஒரு கடுமையான ஓட்டை வெளிப்பட்டது. 2.34ஆம் பதிப்பில் புகுந்த அக்குறை, கணிப்பொறியில் சாதாரண உரிமை பெற்ற ஒருவன் தலைமை உரிமையைக் கைப்பற்ற இடங்கொடுத்தது, உபுண்டு 22.04உம் அதற்கு உட்பட்டிருந்தது. திருத்தப்பட்ட லிப்சியை நிறுவுவதே அதற்கு மருந்து. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலோ இன்னும் பெரிய அதிர்ச்சி. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்னும் அடிப்படைப் பொதியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் எவரோ வேண்டுமென்றே கள்ளக் கதவு ஒன்றை வைத்திருந்தனர். தொலைவிலிருந்து நுழையும் வேலை வழக்கத்தைவிட அரை நொடி தாமதிப்பதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிப் பார்த்த ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர் அதனைக் கண்டுபிடித்து உலகிற்கு அறிவித்தார். டெபியனின் சோதனைக் கிளைகள் வரை அது வந்துவிட்டிருந்தது. நிலைபெற்ற பதிப்புக்கு வரவில்லை. டெபியன் அன்பர்கள் உடனே பழைய 5.4.5ஐத் திரும்ப வைத்தனர். பொதி நிர்வாகி இயல்பாக மேல்நோக்கியே செல்லும், கீழிறங்காது. ஆகையால் எண்ணில் பெரியதாகத் தோன்றும்படி, '5.6.1, மெய்யாக 5.4.5' என்ற பொருளில் பெயரிட்டு அனுப்பினார்கள். திருத்தம் என்று வருவது எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதைப் பார்ப்பதும் திருத்துவதைப் போலவே முக்கியம் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

செய்யும் முறை

இனி, முறையான திருத்தம் ஒன்று வந்து லிப்சியைப் போன்ற அடிப்படைப் பொதியை மாற்ற நேர்ந்தால், பின்வரும் வரிசையைக் கைக்கொள்க.

முதலாவதாக, வீட்டுக் கோப்புகள் முழுவதையும் வெளி வட்டிலோ பென்டிரைவிலோ படியெடுக்கவும். எடுத்த படியைத் திறந்து பார்க்கவும். திறந்து பாராத படி, படி அன்று.

இரண்டாவதாக, நேரடியாகத் தொடங்கும் லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றை ஆயத்தம் செய்து, அதிலிருந்து கணிப்பொறி எழுகிறதா என்று முன்னரே சோதிக்கவும். வீடு தீப்பற்றிய பின் கிணறு வெட்டுவதில் பயனில்லை. 'பிசிபாக்ஸ் ஸ்டாடிக்' என்ற பொதியையும் நிறுவி வைக்கலாம். படியெடுத்தல், பெயர் மாற்றுதல் முதலிய சிறு கருவிகள் அதில் உண்டு. அது எந்தப் பொது நூலகத்தையும் நம்பியிராமையால், லிப்சி கெட்டாலும் வேலை செய்யும்.

மூன்றாவதாக, மின்சாரத்தைப் பார்க்கவும். இடவப்பாதி மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. மடிக்கணினியானால் பேட்டரி நிரம்பியிருக்க வேண்டும். மேசைக் கணினியானால் யு.பி.எஸ். இருக்க வேண்டும். வட்டில் போதிய இடம் உள்ளதா என்பதையும் காண்க.

நான்காவதாக, ஒத்திகை பார்க்கவும். 'ஆப்ட்' நிரலில் 'சிமுலேட்' என்றொரு வசதி உண்டு. அது ஒன்றையும் மாற்றாமல், எவை நிறுவப்படும், எவை உயரும், எவை நீக்கப்படும் என்று பட்டியலை மட்டும் காட்டும். அப்பட்டியலை ஒரு வரி விடாமல் படிக்கவும். நீக்கப்படுபவை என்ற தலைப்பின் கீழ் நாம் கேளாத பெயர்கள் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்க. 2021ஆம் ஆண்டில், பாப் ஓஎஸ் என்னும் லினக்ஸ் வகையில் விளையாட்டு மென்பொருள் ஒன்றை நிறுவப் போன புகழ்பெற்ற காணொளியாளர் ஒருவர், எச்சரிக்கையைத் தாண்டி, 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைத் தட்டெழுதினார். இயங்குதளத்தின் திரை அமைப்பு முழுவதும் நீங்கிவிட்டது. அதன்பின் ஆப்ட் நிரலையே திருத்தி, இன்றியமையாப் பொதிகளை அவ்வளவு எளிதில் நீக்க முடியாதபடி செய்தார்கள். பொறி கேட்கும் கேள்விக்கு, படித்த பின்னரே விடை எழுதுதல் வேண்டும்.

ஐந்தாவதாக, தலைமை உரிமையுள்ள முனையம் ஒன்றைத் தனியே திறந்து வைத்துக்கொள்க. ஏற்கெனவே ஓடுகிற முனையம் பழைய நூலகத்தைப் பிடித்திருக்குமாதலால், புதியதில் கோளாறு நேர்ந்தாலும் அது உயிரோடிருக்கும். அதனை மூடலாகாது.

ஆறாவதாக, உபுண்டுவின் முறையான களஞ்சியத்திலிருந்து மட்டும் திருத்தத்தை நிறுவுக. ஆப்ட் வேலை செய்யும்போது நடுவில் நிறுத்தாதீர்கள். 'வேறொரு நிரல் பூட்டியிருக்கிறது' என்று வந்தால், பின்னணியில் தானே நடக்கும் திருத்தம் முடியும்வரை காத்திருங்கள்; பூட்டுக் கோப்பை அழிக்க முற்படாதீர்கள்.

ஏழாவதாக, முடிந்ததும் பழைய முனையத்தை மூடாமல் புதியதொரு முனையம் திறந்து, கோப்புகளைப் பட்டியலிட்டுப் பாருங்கள். தலைமை உரிமை கேட்டுப் பாருங்கள். இருப்புப்பாதையில் வேலை முடிந்தால், பாதை தகுதியாயிருக்கிறதென்று பொறுப்பாளர் எழுத்து மூலம் தெரிவித்த பின்னரே ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை விடுவார். அந்த முதல் வண்டியும் வேகம் குறைத்தே செல்லும். அவ்வாறே எல்லாம் சரியென்று கண்ட பின்னரே கணிப்பொறியை மறுதொடக்கம் செய்க. மறுதொடக்கம் செய்யாவிடில், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் ஓட்டையுள்ள பழைய நூலகத்தையே பிடித்துக்கொண்டிருக்கும்.

தவறு நேர்ந்தால்

நடுவில் மின்சாரம் போய்விட்டாலும் கணிப்பொறி எழுந்தால் அஞ்ச வேண்டா. டிபிகேஜிக்கு 'பாதியில் நின்றவற்றையெல்லாம் முடி' என்று பணிக்கும் 'கான்ஃபிகர்' கட்டளை இருக்கிறது. அதன்பின் ஆப்டின் 'பிக்ஸ் புரோக்கன்' கட்டளை மீதமுள்ள பிணக்கைத் தீர்க்கும். பெரும்பாலானவை இவ்விரண்டிலேயே சீராகும்.

எழவே இல்லையானால், ஆயத்தமாக வைத்த பென்டிரைவிலிருந்து தொடங்குக. அப்போது ஓடுவது பென்டிரைவின் நல்ல இயங்குதளம்; நம் வட்டு அதற்கு வெறும் அலமாரி. முதலில் விட்டுப்போன கோப்புகள் இருப்பின் அவற்றைக் காப்பாற்றவும். பின்னர் அதே பதிப்பின் லிப்சிக் கோப்புகளை உரிய இடத்தில் திரும்ப வைத்து, 'சிஎச்ரூட்' என்னும் முறையால் நம் இயங்குதளத்திற்குள் புகுந்து, லிப்சிப் பொதியை மறுபடி நிறுவலாம். இது பழகியவர் செய்யும் வேலை. பழகாதவர் அறிந்தவரை அழைப்பது நன்று. எதுவாயினும், கடையில் "பார்மட்" என்ற சொல் வாயிலிருந்து வரும்முன், "ஐயா, முதலில் பென்டிரைவில் தொடங்கி எங்கள் கோப்புகளை எடுத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். நூலகம் கெட்டதனால் கோப்புகள் அழிந்துவிடுவதில்லை. அவை வட்டில் அப்படியே இருக்கும். அழிப்பது பார்மட்தான்.

தமிழ் அகரவரிசை

சங்கங்களிலும் படிப்பகங்களிலும் கணிப்பொறி வைத்திருப்போர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சொற்களை அகரவரிசைப்படுத்தும் விதிகளும் ஜிலிப்சியிலேயே உள்ளன. தமிழுக்கும் அதில் இடமுண்டு. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்த 2.28ஆம் பதிப்பில் உலக மொழிகளின் வரிசை விதிகளைப் பெரிதும் புதுப்பித்தார்கள். 2.27லிருந்து 2.35க்குப் போகிறவர், அஃதாவது 18.04லிருந்து 22.04க்குப் போகிறவர், அந்த எல்லையைத் தாண்டுகிறார். 'போஸ்ட்கிரஸ்' என்னும் தரவுக் களஞ்சியத்தில் உறுப்பினர் பட்டியலையோ நூற்பட்டியலையோ வைத்திருந்தால், பழைய விதிப்படி அமைத்த அட்டவணையில் புதிய விதிப்படி தேடும்போது, இருக்கும் பெயரையே இல்லை என்று சொல்லக்கூடும். ஆகவே மாற்றிய உடனே 'ரீஇண்டெக்ஸ்' செய்து அட்டவணைகளைப் புதிதாக அமைத்தல் வேண்டும். ஒரு குடும்பத்தின் பெயர் பட்டியலில் இருந்தும் காணாமற்போவது, நம்போன்றோர்க்குச் சிறிய செய்தியன்று.

நிறைவாக ஒன்று. இவ்வியங்குதளத்தை ஆக்கியோர் முன்பின் அறியாத பல நாட்டு அன்பர்கள். நம் பிள்ளைகள் அதனைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் உரிமை பெற்றிருக்கிறார்கள். கைவைக்க வேண்டா என்று அவர்களை அடக்குதல் தகாது. எப்படிக் கைவைப்பது என்று கற்பித்தலே தகும். இந்த ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு, வீட்டுக் கோப்புகளை மட்டுமாவது ஒரு பென்டிரைவில் படியெடுத்து வையுங்கள். ஏனையவை அதன்பின் அச்சமின்றிக் கற்றுக்கொள்ளத்தக்கவை.